ஸ்டோக்வெல்லா, கூட்டுறவா, தோட்டமா: ஃபீனிக்ஸின் முப்பது வீட்டுக்கு எது சரிவரும்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் எங்கள் பக்கத்து நான்கு தெருக்களைச் சேர்ந்த முப்பது வீட்டுக்காரர்கள், மளிகைக் காசு மொத்தமும் மாதாமாதம் பேரங்காடிக்கே போய்ச் சேரக் கூடாது, கொஞ்சமாவது இங்கேயே புழங்க வேண்டும் என்று பேச ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு நன்றாகத்தான் போகிறது, முடிவுதான் வந்தபாடில்லை. ஸ்டோக்வெல் என்ற சேமிப்புக் குழு போடலாம் என்கிறார்கள் சிலர். கூட்டுறவாகப் பதிவு செய்துவிட்டால் அரசாங்கமே மதிக்கும் என்கிறார்கள் சிலர். பணமே வேண்டாம், வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது இளவட்டம். நிலம் கிடைத்தால் போதும், தாத்தா காலத்தில் செய்த மாதிரி காய்கறி போடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். அடுத்த கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுது என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதுகிறேன். நடுநிலையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எனக்கு ஒரு பக்கம் உண்டு.

டர்பன் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. ஃபீனிக்ஸ், டர்பன் நகரத்துக்கு வடக்கே, நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய ஊர். 1976இல் உம்கெனி ஆற்று வெள்ளத்தில் ஸ்பிரிங்ஃபீல்டின் தகரக் குடிசைகளை இழந்தவர்கள்தான் முதலில் இங்கே குடியேற்றப்பட்டார்கள். பக்கத்திலேயே பம்பாயி, இனாண்டா, அமாவோட்டி, எல்லாம் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். நடுவில் ஒரு சாலை, சில இடங்களில் ஒரு ஓடை, அவ்வளவுதான் தூரம்.

இந்த எண்ணத்துக்கு விதை எப்போது விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் 2021 ஜூலையைத்தான் சொல்வார்கள். கடைகள் சூறையாடப்பட்டு, நெடுஞ்சாலைகள் மூடப்பட்டு, ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற வாரம் அது. ஒரு கிடங்கும் நாலு பேரங்காடியும் மூடினால் லட்சக்கணக்கான பேருக்குச் சோறு கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது. அதே வாரத்தில்தான் ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், தெருக்களில் தடுப்புப் போட்டு நின்றவர்கள் கையால். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு "நம்ம ஆளுங்களுக்கு நம்ம பொருளாதாரம்" என்று பேசுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஸ்டோக்வெல். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்வதானால், சீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். 19ஆம் நூற்றாண்டில் கிழக்கு கேப் பகுதியில் நடந்த மாட்டு ஏலச் சந்தைகளிலிருந்து கிளைத்தது என்பார்கள். தேசிய ஸ்டோக்வெல் சங்கத்தின் மதிப்பீட்டில் நாடு முழுக்க சுமார் 8 லட்சம் குழுக்கள், 1 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள், ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி ரேண்ட். பதிவு தேவையில்லை. வங்கிச் சட்டத்தின் கீழேயே இந்தக் குழுக்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. சீட்டு மாதிரி முறை வைத்துப் பணம் எடுப்பது ஒரு வகை, சாவுச் செலவுக்குச் சேர்ப்பது ஒரு வகை, மளிகைக்குச் சேர்ப்பது ஒரு வகை. மளிகை ஸ்டோக்வெல்லில் ஜனவரியிலிருந்து நவம்பர் வரை கட்டிக்கொண்டே வந்து, டிசம்பரில் மொத்த வியாபாரியிடம் அரிசி, எண்ணெய், மாவு, சர்க்கரை, டின் மீன் எல்லாம் மூட்டை மூட்டையாக இறக்கி யார் வீட்டு முற்றத்திலாவது பங்கு போடுவார்கள். டிசம்பர் ஆனால் ஊரெங்கும் நடக்கும் காட்சி.

இதன் பலம் எளிது: எல்லோருக்கும் தெரிந்த முறை. எங்கள் வீடுகளில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள். பம்பாயியில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்கவே வேண்டியதில்லை, அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள். பெரிய வங்கிகளில் குழுக் கணக்குத் திறக்கலாம். ஒரு விதிமுறைத் தாள், கூட்டக் குறிப்பு, ஒருவருக்கு மேல் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும் என்ற ஏற்பாடு, இவ்வளவு போதும்.

பலவீனம் என்ன? ஒன்று, எல்லாப் பணமும் ஒரே நாளில் கைக்கு வருவது. டிசம்பரில் பணம் எடுத்து வரும் குழுக்களைக் குறிவைத்துக் கொள்ளை நடக்கிறது, காவல்துறையும் வருடா வருடம் எச்சரிக்கிறது. இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துவது. பதினோரு மாதம் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் ஒரே நாளில் ஒரு பெரிய மொத்தக் கடையில் கொட்டுகிறோம். நமக்குச் சேமிப்பு, சரி. ஆனால் உள்ளூரில் ஒரு ரேண்ட் கூடச் சுற்றவில்லை. இதை "மாற்றுப் பொருளாதாரம்" என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இதையே கொஞ்சம் திருத்தி, டிசம்பருக்குக் காத்திருக்காமல் மாதாமாதம் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது வீடு, வீட்டுக்கு 400 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 12,000. மொத்தமாக வாங்குவதில் 12 சதவீதம் மிச்சம் என்றால் 1,440. அதில் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டிக்கு டீசல், பை, இன்ன பிற என்று 400 போனால் மீதி 1,040. வீட்டுக்கு 35 ரேண்ட் கூட வரவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு அங்கிள் சிரித்தார், "இதுக்கா தம்பி இவ்வளவு பேச்சு?" என்றார். நியாயமான கேள்வி. அரிசியிலும் எண்ணெயிலும் பெரிய மிச்சம் எதிர்பார்க்கக் கூடாது. பேரங்காடிகள் அந்தப் பொருள்களைத்தான் வாடிக்கையாளரை இழுக்க ஏறக்குறைய வாங்கிய விலைக்கே விற்கின்றன. அரிசி, மக்காச்சோள மாவு, பருப்பு, எண்ணெய் இதற்கெல்லாம் இந்த நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும் கிடையாது, ஆக அந்தப் பக்கமும் மிச்சம் பிடிக்க வழியில்லை.

மிச்சம் இருப்பது காய்கறியில். இங்கே டர்பனுக்கு ஒரு வசதி உண்டு. வார்விக் பக்கத்தில் இருக்கும் அதிகாலைச் சந்தை, 1910இலிருந்து தொடரும் சந்தை. ஒப்பந்தக் கூலி முடிந்து, குத்தகைத் துண்டுகளில் கீரையும் பீன்ஸும் போட்ட நம் தாத்தா பாட்டிகள் கூடையில் சுமந்து போய் விற்ற இடம். இன்றைக்கும் இந்திய வியாபாரிகளும் ஜூலு வியாபாரிகளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து விற்கிறார்கள். 2009இல் மாநகராட்சி அதை எடுத்துவிட்டு வணிக வளாகம் கட்டப் பார்த்தது. வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள், தெருவில் நின்றார்கள், அவர்களோடு சட்ட உதவி மையமும் ஆசியே எடாஃபுலேனி என்ற தொண்டு அமைப்பும் நின்றன, 2011இல் மாநகரசபை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த மேசைகளில் நாம் செலவழிக்கிற காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் கிளேர்வுட்டில் மாநகராட்சியின் மொத்தச் சந்தை இருக்கிறது, தரகர்கள் மூலம் மூட்டைக் கணக்கில் வாங்கலாம். 10 கிலோ உருளைக்கிழங்கு, 10 கிலோ வெங்காயம், பெட்டித் தக்காளி.

போன ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு இப்படித்தான் வாங்கினோம். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் என்றால் மக்காச்சோள மாவில் காய்ச்சிப் புளித்த பால் ஊற்றுவது. வருடா வருடம் தெருவே சேர்ந்து செய்வதால் யார் பெரிய பானை கொடுப்பார், யார் விறகு, யார் பரிமாறுவது என்று யாரும் எழுதி வைக்காமலே நடக்கும். இந்த முறை பூசணிக்காயையும் உருளைக்கிழங்கையும் மூட்டையாக வாங்கி, மிஞ்சியதை வீடுகளுக்குப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். பிரிக்கும்போதுதான் வேடிக்கை. தராசு கிடையாது. ஒரு அக்கா குளியலறையில் உடம்பு எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார், அதில் இரண்டு கிலோவுக்குக் குறைவாக எதை வைத்தாலும் முள் அசையாது. கடைசி மூட்டையில் அடியில் இருந்த கிழங்கெல்லாம் பச்சை படிந்து கிடந்தது, அதை யார் எடுப்பது என்று ஒரு மௌனம். அப்புறம் கணக்கில் 18 ரேண்ட் குறைந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் காவல் பார்த்த பையனுக்குக் கொடுத்தது, பில் கிடையாது. அந்த 18 ரேண்டுக்காக இரண்டு நாள் பேச்சு ஓடியது என்றால் நம்புவீர்களா? கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த கணக்குத் தாளில் "பில் இல்லாச் செலவு" என்று தனியாக ஒரு கட்டம் போட்ட பிறகுதான் அடங்கியது.

சண்டை வந்ததற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சண்டை 18 ரேண்டில் வந்தது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன். அதுவே 18,000இல் வந்திருந்தால் இந்த முப்பது வீடும் ஒன்றோடொன்று பேசாமல் போயிருக்கும்.

கூட்டுறவுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் 2005ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டப்படி ஐந்து பேர் சேர்ந்தாலே ஒரு முதல்நிலைக் கூட்டுறவு பதிவு செய்யலாம். பங்கு எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். ஆண்டு உபரியில் குறைந்தது 5 சதவீதத்தைப் பிரிக்க முடியாத சேமநிதியாக ஒதுக்க வேண்டும். கடன் ஏறினால் உறுப்பினர் வீட்டைத் தேடி வரமாட்டார்கள், பொறுப்பு வரையறுக்கப்பட்டது. தாளில் பார்த்தால் அழகான சட்டம், எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை நடைமுறையில். 2009இல் வணிக, தொழில் துறை எடுத்த கணக்கில் பதிவேட்டில் இருந்த கூட்டுறவுகள் 22,030. அதில் இயங்குவதாக உறுதிசெய்ய முடிந்தது 2,644. நூற்றுக்குப் பன்னிரண்டு. பெயரளவில் அதிகக் கூட்டுறவுகள் இருந்த மாகாணம் எது தெரியுமா, நம் குவாஜூலு-நட்டால்தான். அந்த வருடங்களில் இங்கே கூட்டுறவுகளுக்கென்று மானியமும் கடனும் தாராளமாக வந்தன. பணம் வருகிறது என்று தெரிந்ததும் ஐந்து பேர் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள், வேலை என்ன என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்குத் தெரிந்த ஒரு தையல் கூட்டுறவுக்கு எட்டு மெஷின் கிடைத்தது, பயிற்சி கிடைத்தது, சான்றிதழ் வழங்கும் விழாவில் சமோசாவும் கிடைத்தது, கிடைக்காதது ஆர்டர் ஒன்றுதான். மெஷின்கள் இப்போது தலைவி வீட்டு கராஜில் துணி மூடிக் கிடக்கின்றன, மற்ற நாலு பேரும் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை.

வெளிப் பணத்தில் நிற்பதன் சிக்கல் புதிதல்ல. நம் பக்கத்திலேயே, இன்றைய பம்பாயியில், 1904இல் காந்தி ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். 100 ஏக்கர், அச்சகம், வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் மாதம் 3 பவுண்டு ஒரே கூலி. இன்றைக்குப் படித்தாலும் துணிச்சலான ஏற்பாடு. அப்புறம் 1910இல் ஜோஹானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு, அதில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, மாதாமாதம் பணமாகக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து சமைத்து, பயிரிட்டு, செருப்புத் தைத்து வாழட்டும் என்று போட்ட பண்ணை. 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் காந்தியின் நண்பர் காலன்பாக், மும்பையிலிருந்து பணம் அனுப்பியவர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மகன் ரத்தன் டாட்டா. போராட்டத்துக்காகப் போட்ட முகாம் என்ற அளவில் அது வேலையை முடித்தது, 1913இல் கலைந்தது. நிலமும் மூலதனமும் இன்னொருவருடையது என்றால் ஆயுளும் அவ்வளவுதான். அதே 1904இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள், அக்கம்பக்கத்தார் பங்குப் பணம் போட்டு நடத்திய மளிகைக் கடை, அது நூற்றாண்டு தாண்டியது. பெரிய லட்சியம் ஒன்றும் பேசவில்லை, பருப்பு விற்றார்கள்.

அப்படியானால் பதிவே வேண்டாமா? வேண்டும், ஆனால் பதிவு இல்லாமல் முடியாத வேலை ஒன்று வந்த பிறகு. அப்படி வரக்கூடிய வேலைகள் இரண்டு எனக்குத் தெரிகின்றன. ஒன்று பள்ளிச் சத்துணவு. அரசுப் பள்ளிகளுக்குச் சமைக்கப் பொருள் கொடுக்க வேண்டுமென்றால் பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். 2023இல் இந்த மாகாணத்தில் அந்த விநியோகத்தைப் பல சிறு ஆட்களிடமிருந்து பிடுங்கி ஒரே நிறுவனத்திடம் கொடுத்துப் பார்த்தார்கள், பல பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பாடில்லாமல் இருந்தார்கள், கொஞ்ச நாளிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. உள்ளூர்க் குழுக்களுக்கு அங்கே இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொன்று சொத்து. நாளைக்குக் குழுவுக்கென்று ஒரு பக்கி வாங்கினால் அது யார் பெயரில் இருக்கும்? ஒருவர் பெயரில் எழுதி, அவர் காலமானால், பிள்ளைகள் "அப்பா வண்டி" என்று ஓட்டிக்கொண்டு போவார்கள், நாம் பார்த்துக்கொண்டு நிற்போம். அன்றைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். இன்றைக்குச் செய்தால் வருடாந்தர அறிக்கை, கணக்கு ஆய்வு, பொதுக்குழு என்று காகிதத்தைத்தான் உற்பத்தி செய்வோம்.

கூட்டுறவு வங்கி என்றும் ஒரு அண்ணா சொன்னார். அதற்குக் குறைந்தது 200 உறுப்பினர் வேண்டும், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வை வேறு. முப்பது வீட்டுக்கு அது இப்போது பேச வேண்டிய விஷயமே இல்லை.

பணமில்லாப் பரிமாற்றம். இதற்கு இந்த நாட்டில் நல்ல முன்னோடி இருக்கிறது. 2003இல் கேப் டவுனில் டிம் ஜென்கின் தொடங்கிய சமூகப் பரிமாற்ற அமைப்பு, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஜென்கின் யார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் இதில் உடனே சேர்ந்துவிடுவார்கள்: 1979இல் மரத்தில் சாவி செதுக்கி பிரிட்டோரியா சிறையிலிருந்து தப்பிய அதே ஆள். முறை இதுதான். எல்லோருடைய கணக்கும் பூச்சியத்தில் தொடங்கும். நான் உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் எனக்கு வரவு, உங்களுக்குப் பற்று. எல்லோர் கணக்கையும் கூட்டினால் எப்போதும் பூச்சியம். வட்டி கிடையாது. கையில் காசில்லாதவரும் முதல் நாளே வாங்கலாம், இது ஸ்டோக்வெல்லில் முடியாது.

எங்களிடம் மாற்றிக்கொள்ள நிறையவே இருக்கிறது. மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு, ரவிக்கை தைப்பது, கீசர் பழுது, கிளினிக்கில் விடிகாலையில் பெரியவர்களுக்காக வரிசையில் நிற்பது, தைப்பூசக் காவடி சமயத்தில் மாலை கட்டுவது. ஆனால் அரிசிக்கடைக்காரரும் டாக்சிக்காரரும் இந்தக் கணக்கை ஏற்கமாட்டார்கள், ப்ரீபெய்டு மின்சாரமும் அப்படியே. இன்னொரு சிக்கல், கீசர் பழுது பார்க்கிறவரை எல்லோரும் கூப்பிடுவார்கள், அவர் கணக்கில் வரவு குவியும், அவருக்கு வேண்டியது செப்புக் குழாய், அதை யாரும் இந்தக் கணக்கில் தரமாட்டார்கள். ஆறு மாதத்தில் அவர் போனை எடுக்கமாட்டார். பிளம்பர் போய்விட்டால் மீதி இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாலை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிட எனக்குத் தயக்கம் தந்தது ஒரு ஆன்ட்டி கேட்ட கேள்வி. "நான் கூழுக்குப் பானை கொடுத்தேனே கண்ணு, அதையும் எழுதுவீங்களா?" எழுதக் கூடாது என்பதுதான் என் பதில். ஏற்கெனவே கணக்கில்லாமல் நடக்கிறவற்றைக் கணக்குக்குள் கொண்டுவந்தால் இருக்கிறதும் கெடும். பிள்ளைகளுக்குப் பாடம், கிளினிக் துணை என்று இரண்டு வேலைக்கு மட்டும் ஒரு நோட்டுப் போட்டுப் பார்க்கலாம், மென்பொருளெல்லாம் பிறகு.

தோட்டம். இதில் எனக்கு மனசு இருக்கிறது, நம்பிக்கை இல்லை. நம்மவர்கள் இந்த ஊருக்கே காய்கறி போட்டவர்கள் என்பது உண்மை. கேட்டோ மேனரிலும் கிளேர்வுட்டிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் இருந்த அந்தத் தோட்டங்களை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த பகுதி ஒதுக்கீட்டுச் சட்டம் பிடுங்கியது என்பதும் உண்மை. ஆனால் இன்றைக்கு ஃபீனிக்ஸில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே கிடைப்பது கையகல மண். காலி இடமெல்லாம் மாநகராட்சியுடையது, குத்தகைக்குக் கேட்டுக் கடிதம் போட்டால் பதில் எப்போது வரும் என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வடக்குப் பகுதிகளில் குடிக்கவே தண்ணீர் லாரி பார்த்துக் காத்திருந்தோம், செடிக்கு எங்கே ஊற்றுவது? அப்புறம் குரங்கு. டர்பன் குரங்குகளைப் பற்றி அறியாதவர்கள் சிரிக்கலாம். சமையலறை ஜன்னல் வழியாக வந்து ரொட்டி எடுத்துப் போகிற கூட்டம் தக்காளியைப் பழுக்கவா விடும்? மிளகாயையும் கறிவேப்பிலையையும்தான் தொடாது.

நிலத்தில் கூட்டாக வாழ்ந்து காட்டியவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். கேட்டோ மேனரில் எகெனானா என்ற குடியிருப்பு, குடிசைவாசிகளின் அபாலாலி பாசெம்ஜொண்டோலோ இயக்கத்தைச் சேர்ந்தது. கோழி வளர்த்தார்கள், காய்கறி போட்டார்கள், சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 2022இல் மட்டும் அதன் முன்னணியினர் மூன்று பேர், அயாண்டா ங்கிலா, நொகுதுலா மபாசோ, லிண்டோகுஹ்லே ம்ங்குனி, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த ஊரில் நிலம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. முற்றத்தில் நாலு தொட்டி வைக்கப்போகும் நாம் அவர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம். முற்றத்தில் என்ன வருகிறதோ, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், அதைக் குழுவே வீடுகளிடமிருந்து காசு கொடுத்து வாங்கி மாதப் பையில் போடலாம். தோட்டக் கனவில் உடனே நடக்கக்கூடிய பகுதி அதுதான்.

இனி யார் உறுப்பினர் என்ற விஷயம். எந்த அமைப்பு என்பதைவிட இதற்குத்தான் கூட்டத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்க் குடும்பங்கள் மட்டும் என்று வைத்தால் நம்பிக்கை இருக்கும், கோயில் மண்டபம் இலவசம், கூட்டம் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். வியாபாரக் கணக்காகப் பார்த்தாலே இது நிற்காது. முப்பது வீடு சேர்ந்து வாங்கினால் வீட்டுக்கு மிச்சம் என்ன என்று மேலே பார்த்தோம், 35 ரேண்ட் கூட இல்லை. அறுபது வீடானால் அதே பக்கி, அதே டீசல், ஒரே நடை, வீட்டுக்கு மிச்சம் 40ஐத் தாண்டும். அந்த இன்னொரு முப்பது வீடு எங்கே இருக்கிறது? ஓடைக்கு அந்தப் பக்கம். கீரையும் மதும்பி என்கிற சேப்பங்கிழங்கும் விளைவித்து விற்கிற பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? அங்கேதான். ஸ்டோக்வெல் நடத்தத் தெரிந்தவர்கள்? மறுபடியும் அங்கேதான்.

கணக்கை விட்டுவிட்டாலும், 2021க்குப் பிறகு ஃபீனிக்ஸில் இந்தியர்கள் மட்டும் சேர்ந்து "தற்சார்பு" என்று ஒரு அமைப்பு வைத்தால் அது பம்பாயியில் எப்படிக் காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். "பாதுகாப்பு" என்று சொல்லித்தான் அன்றைக்கும் தடுப்புகள் போடப்பட்டன. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் அதே சாலையில்தான் டாக்சி ஏறுகின்றன. அவர்களை உருளைக்கிழங்கு கொடுத்துச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைத்துப் போனால் நம்மை அவர்கள் வாசலோடு திருப்பி அனுப்புவதே முறை. வாங்குகிறவர்களாகவும் விற்கிறவர்களாகவும் கையெழுத்துப் போடுகிறவர்களாகவும் தொடக்கத்திலேயே இருந்தால் மட்டுமே வருவார்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் விருந்தாளியாகத்தான் வருவார்கள், அதாவது வரமாட்டார்கள்.

ஆக என் ஓட்டு: பதிவில்லாத மாதாந்தர வாங்கும் குழு, ஸ்டோக்வெல் விதிமுறையில். முதலில் காய்கறி மட்டும். அரிசியும் எண்ணெயும் டிசம்பருக்கு. வீட்டுக்கு 200 ரேண்டில் தொடங்கலாம், 400 பிறகு பார்த்துக்கொள்வோம். பணம் வங்கி வழியாக மட்டும், ரொக்கம் கையில் வாங்கவே கூடாது. மூன்று கையெழுத்துக்காரர்களில் ஒருவராவது பம்பாயியிலிருந்து, ஒருவராவது நாற்பது வயதுக்குக் கீழே. பொருள் வந்த அன்றைக்கே பிரித்துவிட வேண்டும், யார் வீட்டிலும் சேமிப்புக் கிடங்கு கிடையாது. விலைப்பட்டியல் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் வாட்சாப்பில் போகட்டும், வேண்டுமென்கிற பெரியவர்களுக்குத் தமிழில் நான் எழுதித் தருகிறேன். பில் இல்லாச் செலவுக்கு மாதம் 50 ரேண்ட் உச்சவரம்பு. கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றுங்கள், அங்கே யாரும் செருப்பைக் கழற்ற யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு டிசம்பர் சண்டையில்லாமல் கடந்தால் கூட்டுறவுப் பதிவைப் பேசலாம், பள்ளிகளை அப்போது அணுகலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது, இது மெதுவாக நகரும், ஆர்வத்தோடு வந்த இளவட்டம் ஆறு மாதத்தில் சலித்துப் போகும். உண்மைதான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மெட்ரிக் பாட நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம், அது பணமில்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடியது.

தீராதது பக்கி ஒன்றுதான். இப்போது ஒரு அங்கிள் தன் வண்டியை டீசல் மட்டும் வாங்கிக்கொண்டு தருகிறார். அது அவருடைய பெருந்தன்மை, ஆனால் டயர் தேய்வது யார் கணக்கு? கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அவருக்கு வாடகை கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் நிலை, அவரோ வாங்கமாட்டேன் என்கிறார். கூட்டத்துக்கு வரும்போது இதற்கு ஒரு தொகை யோசித்துக்கொண்டு வாருங்கள். அப்படியே யார் வீட்டிலாவது முள் சரியாக அசைகிற தராசு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.